ஐந்து புள்ளி வித்தியாசம்

2006-ஆம் வருட மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் முடிவுப் பட்டியலை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். மொத்தம் 17 பந்தயம். வாலண்டினோ ரோஸ்ஸி 5 ஜெயித்திருக்கிறார். லோரிஸ் கபிரோஸ்ஸி 3, மார்கோ மெலாண்ட்ரி 3, டானி பெட்ரோசா 2. நிக்கி ஹேடனும் 2தான். ஆனால் பட்டியலின் உச்சியில் 252 புள்ளியோடு இருப்பது ஹேடன். ரோஸ்ஸிக்கு 247.

"அதிர்ஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் என் நண்பர் வட்டத்தில் அத்தனை பேரும் ரோஸ்ஸி கட்சி. பல்ஸரோ யூனிகார்னோ, டேங்கில் மஞ்சள் நிற 46 ஸ்டிக்கர் இல்லாத வண்டியே கிடையாது. நான் ஒருத்தன்தான் 69 கட்சி. அந்த சீசன் முழுக்க, மார்ச் கடைசியில் ஹெரெஸில் தொடங்கி அக்டோபர் கடைசியில் வலென்சியாவில் முடிகிற வரைக்கும், ஹேடன் பின்னாலேயே போனேன். இது அதிர்ஷ்டத்தில் வந்த பட்டம் இல்லை என்று அன்றைக்கும் சண்டை போட்டேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஓவன்ஸ்பரோ என்கிற ஊர். அப்பா எர்ல் ஹேடன் மண்பாதைப் பந்தயம் ஓட்டியவர். அம்மா ரோஸும் ஓட்டியவர்தான். டாமி, நிக்கி, ரோஜர் லீ என்று மூன்று பையன்கள். மூன்று பேரும் தொழில்முறைப் பந்தய வீரர்கள் ஆனார்கள். 2002-இல் ஸ்பிரிங்ஃபீல்டு டிடி பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் இந்த மூன்று சகோதரர்களே பிடித்தார்கள். நிக்கியின் வண்டியில் இருந்த அந்த 69 அப்பாவின் எண். கீழே விழுந்து வண்டி தலைகீழாகக் கிடந்தாலும் எண்ணைச் சரியாகப் படிக்கலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று எர்ல் சொல்வாராம். இப்படி ஒரு காரணம் சொல்கிற குடும்பத்தை எனக்கு உடனே பிடித்துப் போனது.

மண்பாதைப் பந்தயம் எப்படி என்று கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். நீள்வட்ட மண் பாதை. எல்லா வளைவும் இடப்பக்கம். வண்டியில் முன் பிரேக்கே இருக்காது. இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டிக்கொண்டு, அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி, பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு வண்டியைத் திருப்புவார்கள். வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். முன் சக்கரம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வண்டியை வளைப்பது ஹேண்டில்பாரை விட அதிகமாக வலது கையில் இருக்கிற த்ராட்டில்தான். நிக்கி நடக்கப் பழகிய காலத்திலேயே இதையும் பழகியவர். 2002-இல் அமெரிக்க சூப்பர்பைக் சாம்பியன். 2003-இல் நேராக ரெப்சால் ஹோண்டா அணிக்கு, அதுவும் ரோஸ்ஸிக்கே சக வீரராக. 2005 ஜூலையில் லகூனா செகாவில் முதல் வெற்றி. அன்றைக்கு வெற்றிச் சுற்றில் அப்பா எர்லைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார். அதைப் பார்த்த பிறகு நான் வேறு யாருக்கும் ரசிகனாக இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

2006. 990 சிசி இன்ஜின்களுக்கு அதுதான் கடைசி வருடம், அடுத்த வருடத்தில் இருந்து 800. ரோஸ்ஸி 2001 முதல் 2005 வரை வரிசையாக ஐந்து பட்டம் வாங்கிவிட்டு யமஹாவில் இருக்கிறார். ஹோண்டாவில் ஹேடனோடு புதிதாகச் சேர்ந்தவர் பெட்ரோசா, 20 வயது, ஸ்பெயின்காரர், பாதி உலகம் அவரைத்தான் வருங்கால சாம்பியன் என்று எழுதிக்கொண்டிருந்தது. ஹோண்டா ஹேடனிடம் கொடுத்த வண்டி மற்ற ஹோண்டா வீரர்கள் ஓட்டியது இல்லை. அதே ஆர்சி211வி-யின் உருமாற்றப்பட்ட வடிவம். வருடம் முழுக்க அதன் கிளட்ச் பிரச்சினை கொடுத்தது. பந்தயத்தில் ஸ்டார்ட்தான் பாதி வேலை. அங்கே கிளட்ச் ஒத்துழைக்காவிட்டால் முன்வரிசையில் நின்றவன் முதல் வளைவுக்குள் பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடுவான். ஹேடனுக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது. பட்டத்துக்காக ஓடுகிறவரிடமே புது வண்டியைச் சோதித்துப் பார்க்கிற வேலையையும் கொடுத்தார்கள் என்பதுதான் என்னுடைய அன்றைய கோபம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஹெரெஸில் முதல் வளைவிலேயே டோனி எலியாஸ் மோதி ரோஸ்ஸி கீழே. எழுந்து ஓட்டி 14-ஆம் இடம். கபிரோஸ்ஸி ஜெயித்தார், ஹேடன் மூன்றாவது. இந்த எலியாஸ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கத்தாரில் ஹேடன் இரண்டாவது, துருக்கியில் மூன்றாவது. துருக்கி முடிந்ததும் புள்ளிப் பட்டியலில் ஹேடன் 52, கபிரோஸ்ஸி 51. ஒரு புள்ளியில் தலைமை. ஒரு பந்தயமும் ஜெயிக்காமல்!

நண்பர்களின் கேலி அங்கே ஆரம்பித்தது. ஷாங்காயில் பெட்ரோசா ஜெயிக்க, ஹேடன் மறுபடி இரண்டாவது. லெ மான்ஸில் ஐந்தாவது. முஜெல்லோவில் ரோஸ்ஸிக்கும் கபிரோஸ்ஸிக்கும் பின்னால் மூன்றாவது. ஹேடனும் கபிரோஸ்ஸியும் சரிசமமாக 99 புள்ளி. அதற்கு அடுத்த பார்சிலோனா பந்தயத்தில் ஸ்டார்ட் ஆன கையோடு ஜிபர்னாவும் கபிரோஸ்ஸியும் மெலாண்ட்ரியும் முதல் வளைவில் மாட்டிக்கொண்ட அந்தப் பயங்கர விபத்து. கபிரோஸ்ஸியின் பட்டக் கனவில் பெரிய ஓட்டை விழுந்தது அங்கேதான். கடைசியில் அவர் 229 புள்ளி. ஒரு பந்தயம் முழுசாகப் போயிற்று, அடுத்த இரண்டு பந்தயத்தையும் உடம்பு வலியோடு ஓட்டி மொத்தம் 8 புள்ளிதான் எடுக்க முடிந்தது. 2006-இல் யாருக்காவது உண்மையிலேயே அதிர்ஷ்டம் இல்லை என்றால், நான் முதலில் சொல்வது கபிரோஸ்ஸி பெயரைத்தான். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு வீரரைச் சீசன் முழுக்கப் பின்தொடர்வது என்றால் என்ன என்று பந்தயம் பார்க்காதவர்கள் கேட்பார்கள். ஜெயிக்கிறவரைத்தான் கேமரா காட்டும். ஹேடன் ஐந்தாவதாகவோ ஏழாவதாகவோ ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் திரையில் வரவே மாட்டார். பெயர்ப் பட்டியல் ஓடும்போது அதில் அவர் பெயர் எங்கே இருக்கிறது, முன்னால் போகிறவருக்கும் அவருக்கும் எத்தனை நொடி, போன சுற்றில் 1.4 என்று இருந்தது இந்தச் சுற்றில் 1.1 ஆகிவிட்டதா, இவ்வளவுதான் தெரியும். வர்ணனையாளர்கள் முன்னால் நடக்கிற சண்டையைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போதாவது அகலமான ஷாட் ஒன்றில், தூரத்து வளைவில், பின் சக்கரம் லேசாக வெளியே தள்ளிக்கொண்டு ஒரு ஆரஞ்சு வண்டி தெரியும். அந்த வழுக்கலை வைத்தே ஹேடன் என்று சொல்லிவிடலாம். பெட்ரோசாவின் வண்டியும் அதே நிறம்தான், ஆனால் அது தண்டவாளத்தில் போகிற மாதிரி நேர்த்தியாகப் போகும்.

இனி ஆசென். ஜூன் 24, சனிக்கிழமை. டச்சுக்காரர்கள் அப்போதெல்லாம் சனிக்கிழமைதான் பந்தயம் நடத்துவார்கள். அந்த வருடம்தான் பழைய பாதையின் வடக்குப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய அமைப்பு. பயிற்சியில் விழுந்து எலும்பு முறிந்த ரோஸ்ஸி, வலியோடு கடைசி வரிசைகளில் இருந்து கிளம்பி எட்டாவதாக வந்தார். அதையும் சொல்ல வேண்டும், அது பெரிய ஓட்டம். ஆனால் அன்றைய பந்தயம் முன்னால் இரண்டு அமெரிக்கர்களுக்கு இடையில் நடந்தது. டெக்சாஸ்காரர் காலின் எட்வர்ட்ஸ், யமஹாவில். பின்னாலேயே ஹேடன். எட்வர்ட்ஸ் மோட்டோஜிபியில் அதுவரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை.

கடைசிச் சுற்று. கடைசி சிக்கேன். வலது, இடது என்று அடுத்தடுத்துத் திரும்பினால் கோடு தெரியும். இரண்டு பேரும் பிரேக்கை எவ்வளவு தாமதமாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தாமதமாகப் பிடித்து உள்ளே வந்தார்கள். ஹேடனால் வளைவுக்குள் திருப்ப முடியவில்லை. நேராகச் சரளைக் கல்லுக்குள் போய்விட்டார். நான் தலையில் கை வைத்துவிட்டேன். முடிந்தது, இரண்டாம் இடம், 20 புள்ளி, பரவாயில்லை என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அந்த நொடியில் எட்வர்ட்ஸ், வெளியேறும் இடத்தில் ஓரத்துச் செயற்கைப் புல்லின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு, த்ராட்டிலைத் திறந்தார். வண்டி அவரைத் தூக்கி எறிந்தது. கோடு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அங்கே எட்வர்ட்ஸ் தரையில்.

ஹேடன் அதற்குள் சரளையில் இருந்து வெளியே வந்திருந்தார். இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். பெரும்பாலான வீரர்கள் அந்தக் கல்லில் முன் சக்கரம் புதைந்து விழுந்திருப்பார்கள், அல்லது பயந்து த்ராட்டிலை முழுசாக மூடியிருப்பார்கள். மண்ணில் வளர்ந்த பையன் மூடவில்லை. வண்டி அடியில் நெளிய நெளிய, அதைத் தன் போக்கில் விட்டு, நிமிர்த்திப் பிடித்து வெளியே கொண்டு வந்தார். 240 குதிரைத் திறனுக்கு மேல் இருக்கிற வண்டியை, கல் குவியலில், கடைசிச் சுற்றில். எட்வர்ட்ஸ் எழுந்து 13-ஆவதாக முடித்தார். அதற்குப் பிறகும் அவர் மோட்டோஜிபியில் ஒரு பந்தயமும் ஜெயிக்கவே இல்லை. எனக்கு எட்வர்ட்ஸை நினைத்தால் இன்னும் வருத்தம்தான். ஆனால் ஆசென் வெற்றியை இனாம் என்று சொல்கிறவர்களிடம் அந்தச் சரளைப் பகுதியை மட்டும் மெதுவாக ஓட விட்டுப் பார்க்கச் சொல்வேன்.

டோனிங்டனில் ஏழாவது. ஸாக்ஸென்ரிங்கில் ரோஸ்ஸி, மெலாண்ட்ரி, ஹேடன், பெட்ரோசா நான்கு பேரும் அரை நொடிக்குள் கோட்டைக் கடந்தார்கள், ஹேடன் மூன்றாவது. அப்புறம் லகூனா செகா. கலிபோர்னியா மதியம் என்பது நமக்குத் திங்கள் அதிகாலை. வீட்டில் எல்லாரும் தூங்க, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய பந்தயம். அங்கே கார்க்ஸ்க்ரூ என்று ஒரு வளைவு உண்டு: மேட்டின் உச்சியில் இடப்பக்கம் திரும்பினால் ஐந்து மாடி உயரம் சட்டென்று சரிந்து விழும், விழும்போதே வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்புகிறவனுக்கு இறங்கும் பாதை தெரியாது. கடும் வெயில். சுஸுகியில் வெர்மியூலன் முதலிடத்தில் இருந்து கிளம்பினார். ஹேடன் அவசரப்படவில்லை, டயரைச் சேமித்தார், பாதியில் முந்தினார், போய்க்கொண்டே இருந்தார். ரோஸ்ஸியின் இன்ஜின் செத்துப்போனது. ஹேடன் 194, ரோஸ்ஸி 143. 51 புள்ளி வித்தியாசம், ஆறு பந்தயம் பாக்கி.

இங்கே நான் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஒரு விஷயம். லகூனா செகா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுகிற பாதை. அதாவது இடப்பக்க வளைவுகள்தான் அதிகம். துருக்கியின் இஸ்தான்புல் பார்க், ஸாக்ஸென்ரிங், ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்ட், வலென்சியா எல்லாமே அப்படித்தான். 2006-இல் இந்த ஐந்து இடங்களில் ஹேடன் செய்ததைப் பாருங்கள்: துருக்கியில் மூன்றாவது, ஸாக்ஸென்ரிங்கில் மூன்றாவது, லகூனாவில் முதல், பிலிப் ஐலண்டில் போல் பொசிஷன் (ஸ்டார்ட்டில் முதலிடம்), வலென்சியாவில் மூன்றாவது. சின்ன வயசில் இடப்பக்கமே திரும்பித் திரும்பி வளர்ந்த உடம்பு அது. தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

லகூனாவுக்குப் பிறகு பட்டம் கையில் வந்தாயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் சீசன் அங்கேதான் கஷ்டமாக ஆனது. பிர்னோவில் ஒன்பதாவது. மலேசியாவில் நான்காவது, ரோஸ்ஸி வெற்றி. பிலிப் ஐலண்டில் போல் பொசிஷனில் நின்றவர் ஸ்டார்ட்டில் சரிந்தார், நடுவில் மழை; மோட்டோஜிபி வரலாற்றில் முதன்முறையாக வீரர்கள் பிட்டுக்குள் வந்து மழை டயர் போட்ட இன்னொரு வண்டிக்கு மாறிக்கொண்டு போனார்கள். ஹேடன் ஐந்தாவது. மோட்டெகியில் மறுபடி ஐந்தாவது. வித்தியாசம் 38 ஆகி, 26 ஆகி, 21 ஆகி, 12-க்கு வந்துவிட்டது. ரோஸ்ஸி இப்படித் துரத்துவார் என்பது எல்லாருக்கும் தெரியும். துரத்தப்படுகிறவர் நம்ம ஆள் என்றால் அந்த எண்கள் குறைவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வாரத்தில் ஆறு நாள் மனசுக்குள் கணக்கு ஓடும். அவர் ஜெயித்து, இவர் மூன்றாவது வந்தால் மிச்சம் 3. அவர் இரண்டாவது, இவர் நான்காவது என்றால் மிச்சம் 5.

எஸ்டோரில், அக்டோபர் 15. ஐந்தாவது சுற்று. ஹேடனுக்கு நேர் பின்னால் சக வீரர் பெட்ரோசா. ஒரே அணி, ஒரே நிற வண்டி, ஒரே முதலாளி. வளைவுக்குள் பெட்ரோசா உட்பக்கமாக நுழையப் பார்த்தார், முன் சக்கரம் வழுக்கியது, விழுந்த வண்டி ஹேடனின் வண்டியை அப்படியே வாரிக்கொண்டு போனது. சீசன் முழுக்கத் தன் தவறால் ஒரு பந்தயத்தையும் கோட்டைவிடாத மனுஷன் சரளையில் கிடந்தார். எழுந்தார். கையை வீசினார். ஹெல்மெட்டுக்குள் இருந்து அவர் கத்துவது நமக்குக் கேட்காது, ஆனால் தோளும் கையும் ஆடுகிற ஆட்டத்தில் எல்லாம் தெரிந்தது. நான் டிவியை அணைத்துவிடவில்லை. அணைத்திருந்தால் இந்தச் சீசனின் மிக முக்கியமான 0.002 நொடியைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஏனென்றால் முன்னால் ரோஸ்ஸியும் டோனி எலியாஸும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், ஹெரெஸில் ரோஸ்ஸியைத் தள்ளிவிட்ட அதே எலியாஸ். கடைசி வளைவில் இருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிளம்பி வந்தார்கள். கோட்டைக் கடந்தபோது யார் முன்னால் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. எலியாஸ், 0.002 நொடியில். அவர் வாழ்க்கையில் மோட்டோஜிபியில் ஜெயித்த ஒரே பந்தயம் அது. ரோஸ்ஸிக்கு 25-க்குப் பதில் 20. அந்த நேரத்தில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. எல்லாரும் பெட்ரோசாவைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள், நானும்தான். ரோஸ்ஸி 244, ஹேடன் 236. ஒரே பந்தயம் பாக்கி.

பெட்ரோசாவைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னாளில் அவரை நான் மிகவும் மதித்தேன். அத்தனை சின்ன உடம்போடு, அத்தனை முறை எலும்பு உடைந்து, அத்தனை பந்தயம் ஜெயித்தவர். எஸ்டோரிலில் அவர் செய்தது கெட்ட எண்ணத்தில் இல்லை, அவசரத்தில். ஆனால் அந்த இரண்டு வாரம் என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

அக்டோபர் 29, வலென்சியா. கணக்கு எளிது: ரோஸ்ஸி இரண்டாவதாக வந்தாலே போதும், ஹேடன் என்ன செய்தாலும் பட்டம் ரோஸ்ஸிக்கு. ரோஸ்ஸி போல் பொசிஷனில் நிற்கிறார். அதுவரை ரோஸ்ஸி இப்படிப்பட்ட நாளில் தோற்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஸ்டார்ட்டில் ரோஸ்ஸி பின்தங்கினார், ஏழாவது இடம் வரை. ஹேடன் இந்த முறை நன்றாகக் கிளம்பினார், அந்தப் பாழாய்ப்போன கிளட்ச் கடைசி நாளிலாவது கை கொடுத்தது. முன்னால் டிராய் பேலிஸ். காயம்பட்ட ஜிபர்னாவுக்குப் பதிலாக இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் டுகாட்டியில் வந்தவர். அந்த வருட சூப்பர்பைக் உலக சாம்பியன். தொடக்கம் முதல் கடைசி வரை முன்னாலேயே ஓட்டி ஜெயித்தார். அவருடைய ஒரே மோட்டோஜிபி வெற்றியும் அதுதான்.

ஐந்தாவது சுற்று. எஸ்டோரிலிலும் ஐந்தாவது சுற்று. ரோஸ்ஸியின் முன் சக்கரம் வழுக்கி, ரோஸ்ஸி தரையில். யாரும் மோதவில்லை, இன்ஜின் பழுதாகவில்லை. தானாக விழுந்தார். நான் குதிக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்துவிட்டார், வண்டி ஓடுகிறது. ஹேடன் மூன்றாவதாக வந்தால் ரோஸ்ஸிக்கு எட்டாவது இடம் போதும்: இருவருக்கும் 252, ஆனால் அதிக வெற்றி என்ற கணக்கில் பட்டம் அவருக்கு. மிச்சம் 25 சுற்று. அந்த 25 சுற்றும் ஹேடன் செய்தது என்ன? ஒன்றுமே செய்யவில்லை, அதாவது ஒரு தவறும் செய்யவில்லை. கபிரோஸ்ஸி முந்திக்கொண்டு போக வந்தபோது விட்டுக்கொடுத்தார். பெட்ரோசா பின்னால் நான்காவதாக, இந்த முறை மரியாதையான தூரத்தில். பேலிஸ், கபிரோஸ்ஸி, ஹேடன். ரோஸ்ஸி 13-ஆவது, 3 புள்ளி.

வெற்றிச் சுற்றில் அமெரிக்கக் கொடியோடு போன ஹேடன் அழுதுகொண்டே ஓட்டினார். ரோஸ்ஸி வந்து கட்டிப்பிடித்தார். அந்தக் காட்சிக்காகவே ரோஸ்ஸியின் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இப்போது அந்த அதிர்ஷ்டக் கணக்கு. ரோஸ்ஸிக்கு அந்த வருடம் நேர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஹெரெஸில் மோதல், ஷாங்காயில் டயர் சிதைவு, லெ மான்ஸில் முன்னணியில் ஓடும்போதே இன்ஜின், ஆசெனில் எலும்பு முறிவு, லகூனாவில் மறுபடி இன்ஜின். எஸ்டோரிலில் எலியாஸ் 0.002 நொடி பிந்தியிருந்தால் ரோஸ்ஸிக்கு இன்னும் 5 புள்ளி, 252-க்கு 252, பட்டம் அவருக்கு. எல்லாம் உண்மை. ஆனால் ஹேடன் பக்கத்தில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. எஸ்டோரிலில் சக வீரர் தள்ளிவிடாமல் இருந்திருந்தால் வலென்சியா இவ்வளவு நெருக்கமாக வந்தே இருக்காது. ஒழுங்கான கிளட்ச் இருந்திருந்தால் பிலிப் ஐலண்டின் போல் பொசிஷன் ஐந்தாவது இடத்தில் முடிந்திருக்குமா? 17 பந்தயத்தில் 16-இல் புள்ளி எடுத்தவர், பத்து முறை போடியம் ஏறியவர். மிச்ச ஒன்றைத் தவறவிட்டதும் இன்னொருவர் வண்டியால். கடைசி நாளில், யாருமே தொடாதபோது விழுந்தது ரோஸ்ஸி. விழாமல் ஓட்டியது ஹேடன்.

பிறகு நடந்தது அவ்வளவு நல்ல கதை இல்லை. 2007-இல் வண்டியில் 1 என்ற எண்ணோடு இறங்கினார், 800 சிசி வண்டி அவர் கைக்கு ஒத்துவரவில்லை, எட்டாவது. அந்தச் சின்ன இன்ஜின்கள் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வழுக்காமல் போகச் சொல்லின. ஹேடனின் கலையே வழுக்குவதில்தான் இருந்தது. 2009-இல் டுகாட்டிக்குப் போய் ஐந்து வருடம் போராடினார். லகூனா 2006-க்குப் பிறகு மோட்டோஜிபியில் அவர் ஜெயிக்கவில்லை. சூப்பர்பைக்குக்கு மாறி, 2016-இல் செபாங்கில் மழையில் ஒரு பந்தயம் ஜெயித்தபோது, பழைய ரசிகர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டோம். 2017 மே 17-ஆம் தேதி இத்தாலியில் சைக்கிள் பயிற்சியில் இருந்தவர் மேல் கார் மோதியது. மே 22-இல் போய்விட்டார். 35 வயது. 2019-இல் மோட்டோஜிபி 69-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்துவிட்டது. அவருக்குப் பிறகு இன்று வரை எந்த அமெரிக்கரும் அந்தப் பட்டத்தை வாங்கவில்லை.

2006 சீசனைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் எதில் ஆரம்பிப்பது என்று கேட்பதுண்டு. எல்லாரும் வலென்சியாவைச் சொல்வார்கள், நான் ஆசெனைச் சொல்வேன். அடுத்து எஸ்டோரிலை, முழுசாக, எலியாஸ் கோட்டைக் கடக்கிற வரை. நேரம் இருந்தால் பிர்னோவையும் பாருங்கள். கபிரோஸ்ஸி தனியாகப் பறந்து ஜெயிக்கிற பந்தயம்; பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஹேடன் திரையில் வருவதே அபூர்வம், பெயர்ப் பட்டியலில்தான் தேட வேண்டும். எங்கோ நடுவில், நம்பிக்கைக்கு இடமே இல்லாத ஒரு நாளில், விட்டுவிடாமல் ஓட்டி ஒன்பதாவதாக முடிக்கிறார். அதற்குக் கிடைத்தது 7 புள்ளி. பட்டத்தை ஜெயித்தது 5 புள்ளியில்.